இனி கம்பெனி வழியாக மட்டும்

என் பிடிவாதக்காரிக்கு,

உடம்பு தேவலை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அரசு வானொலியைச் சீர்திருத்திவிட்டார்கள். தனி எழுத்தாளர்களிடம் இனி நாடகம் வாங்க மாட்டார்களாம், பதிவு செய்த கம்பெனிகள்தான் தரலாமாம். இதற்குப் பெயர் வாய்ப்பைப் பரவலாக்குதல். நாடகப் பிரிவு அண்ணன் தன் மேசையைக் காலி செய்துகொண்டே, "நீயும் ஒரு கம்பெனி ஆரம்பிச்சிடு தம்பி. முதலாளியும் நீதான், பியூனும் நீதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வானொலியின் வார நாடகத் தொடரை ஒப்பந்தத்தில் எடுத்த கம்பெனிக்குப் போனேன். "வருஷம் பூரா வேலை இருக்கு. பேர் மட்டும் கம்பெனி பேர்தான் வரும்" என்றார் மேனேஜர். சரி என்றேன். மாதச் சம்பளம் வந்தால் நீ அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாமே.

நீ கிளம்பிய அன்று நாம் போட்ட சண்டையையே நாடகமாக எழுதிக் கொடுத்தேன். மேனேஜருக்குப் பிடித்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு. கடைசியில பொண்டாட்டி மன்னிப்புக் கேக்கணும்."

"அவ கேக்க மாட்டா சார்."

"நீங்கதானே எழுதுறீங்க? கேக்க வைங்க!"

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பெயரையே விட்டுக்கொடுத்தவன் நான். ஆனாலும் அந்த ஒரு வசனம் வரவில்லை. அன்றைக்குத் தப்பு உன்னுடையதில்லையே.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த முடிவை வேறு ஓர் ஆளை வைத்து எழுதி வாங்கிவிட்டார்கள். வியாழக்கிழமை ஒலிபரப்பு. தயவுசெய்து ரேடியோவைப் போடாதே.

வேலையை விட்டுவிடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லவில்லை என்றால், இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டே பழகியவன்