எதிர்க்கட்சியில் நான் ஒருவன்தான்

மச்சான்,

இன்று காலை சிப்காட் ரோட்டில் மைதா பசை காய்ச்சும் வாசம். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டது. ஆலைப் புகை, லாரி டீசல், மீன் வண்டி என்று கும்மிடிப்பூண்டியின் நாற்றங்கள் அத்தனையையும் ஏறி மிதித்துக்கொண்டு அந்த வாசம் என் மூக்கில் வந்து சிம்மாசனம் போட்டு உட்கார்ந்தது. விடிய விடிய போஸ்டர் ஒட்டிவிட்டு, கையில் பசை காயக் காய நீ டீ குடிப்பாய். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது.

எனக்கு வாழ்க்கைப்பட்ட பாவத்தைத் தவிர வேறு பாவம் அறியாதவள் உன் தங்கை. அவளுக்கு நீ ஒரே அண்ணன், ஏழுமலை ஒரே தம்பி. தொண்ணூற்றெட்டுத் தேர்தலில் ஏழுமலை வேறு கொடி பிடித்தான். நீ ரோலிங் மில்லில், அவன் சோழவரத்தில் நெல் வயலில். நடுவில் தூது நான். அந்தத் தேர்தலோடு உங்கள் பேச்சு நின்றது. உன் மகள் கல்யாணத்துக்குச் சித்தப்பன் வரவில்லை. அவன் வீடு கட்டிக் குடிபோனபோது நீ போகவில்லை.

பிறகு இரண்டாயிரத்து நான்கு. உன் கட்சியும் அவன் கட்சியும் ஒரே கூட்டணியில். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுக் கேட்டாய். "எலெக்சன் முடிஞ்சா பிச்சிக்கும் மாப்ள, பாரு" என்றாய். டிவிக்காரர்களும் பழைய ஆட்சியே வரும் என்று அடித்துச் சொன்னார்கள். எல்லாம் தலைகீழானது. ஜெயித்தார்கள். யாருக்கு எந்த இலாகா என்று ஒரு வாரம் இழுத்தார்கள். அதிலாவது பிய்த்துக்கொள்ளும் என்று உனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

பதவியேற்பை மில் கேன்டீன் டிவியில் பார்த்தோம். உன் கட்சிக்காரர் பிரமாணம் எடுத்துவிட்டுப் போய் உட்கார, பக்கத்து நாற்காலியில் ஏழுமலையின் கட்சிக்காரர். இருவரும் காதோடு காது பேசிச் சிரித்தார்கள். நீ அதிர்ந்த அதிர்ச்சியில் மில்லே நின்றுவிட்டது என்று பிற்பாடு ஊரெல்லாம் சொன்னேன். மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உன் கையில் போண்டா மட்டும் பாதி வழியில் நின்றது.

"ஆறு வருசம் மாப்ள. ஒரே வயித்துல பொறந்தவன்கிட்ட ஆறு வருசம் பேசல. இவங்க இன்னாடான்னா சிரிச்சிக்கினு கீறாங்க."

போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டு, "வண்டிய எடு, சோழவரம் போலாம்" என்றாய். சாவியைத் தேடுகிற சாக்கில் நேரம் கடத்தினேன். ஏன் என்று உனக்குத் தெரியாது.

ஏழுமலை வாசலிலேயே மறித்தான். "இன்னாண்ணா, மேலிடம் சொல்லிச்சா? வந்துட்ட?"

"நீதானடா சொல்லி அனுப்புன, என் கட்சிக்குக் கருமாதி பண்ணிட்டுத்தான் என் வாசப்படி மிதிப்பேன்னு."

"நானா? இந்தத் தபா உங்க கட்சி தேறாதுன்னேன். அவ்ளோதான். நீதான உன் பொணத்துக்குக்கூட நான் வரக்கூடாதுன்ன."

"நான் எங்கடா சொன்னேன்? சின்னப் பையன், தெரியாம பேசறான்னேன்."

இரண்டு தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. டெல்லியில் ஒரு வாரம் இழுத்த காரியம் சோழவரத்தில் ஒரு நொடியில் முடிந்தது. கூட்டணி அமைந்துவிட்டது, எதிர்க்கட்சியில் நான் ஒருவன்தான்.

"இன்னா மாமா இது?" என்றான் ஏழுமலை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கொஞ்சம் ருசியா இருக்கட்டுமேன்னு..." என்றேன். யானையையே குடத்துக்குள் அடைக்கிற வாய் என்னுடையது. ருசிக்குப் போட்ட உப்பு ஆறு வருடத்தைத் தின்றிருந்தது. எனக்கே அன்றுதான் தெரிந்தது மச்சான். ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்புக்குத்தான் சொன்னேன். நீங்கள் இருவரும் சிரிக்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

திரும்பும்போது நீ பின்சீட்டில். அடிப்பாய் என்று காத்திருந்தேன். காரனோடைப் பாலம் தாண்டியதும் சொன்னாய்: "உன்னியே சொல்லிக்கினு இருந்தா ஆவாது மாப்ள. தம்பி அப்படிப் பேசறவன் இல்லன்னு எனக்குத் தெரியும். கோவமா இருந்தேனா, நம்பறதுக்குத் தோதா இருந்துச்சு."

அடித்திருந்தால் வலி போயிருக்கும். இது போகவில்லை.

அதற்குப்பின் மூன்று வருடம் நீங்கள் பேசினீர்கள். நெல்லு, மழை, பேரப்பிள்ளை என்று நேருக்கு நேர், தூதன் இல்லாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். இன்றும் ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது நாக்கு துறுதுறுக்கிறது. உன் குரல் பின்சீட்டிலிருந்து கேட்கும். கடித்துக்கொள்வேன்.

மத்தியானம் சோழவரம் போனேன். உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். ஏழுமலை வரப்பை வெட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் உனக்கு ஒரு சேதி சொன்னான். பிறகு, "அப்டியே எழுது மாமா. ஒண்ணும் சேக்காத" என்றான்.

சோழவரம் ஏரியே கண்ணீர் விட்டது என்று எழுத எனக்கு எவ்வளவு நேரமாகும். எழுதவில்லை. அவன் சொன்னது இதுதான்:

"அண்ணன நான் கேட்டேன்னு சொல்லு."