முதுகு காட்டிய பட்டாம்பூச்சி

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குட்டியும் நலம். அவளுக்கு முன்பல் ஆடுகிறது, யாரையும் தொடவிடுவதில்லை. உங்கள் இருமல் விட்டதா? வெந்நீர் வைத்துக் குடிக்கச் சோம்பல்படாதீர்கள்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. ஆனால் லேசில் போகவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் வாழ்க்கைக் கதைக்குப் படம் போடுகிறேன் என்று எழுதியிருந்தேனே, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கையெழுத்துக்குப் பதில் ஒரு பட்டாம்பூச்சி வரைந்திருந்தேன். அத்தியாயத்துக்குத் தகுந்தபடி அது சிறகை விரிக்கும், மடக்கும், தூங்கும். அவர் தன் வெற்றிகளை அடுக்கும் அத்தியாயத்தில் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என்ன செய்வது, படிக்கும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

போன வாரம் பதிப்பாளர் என்னை நீதிபதியின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நீதிபதி மாதிரிப் பக்கங்களை மேசைமேல் போட்டு, "என் கதையில பூச்சிக்கு என்ன வேலை? எல்லாத்தையும் எடுத்துட்டு உங்க பேரை மட்டும் போடுங்க" என்றார். பதிப்பாளர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். "படம் பிடிக்கலேன்னா வேற வரையறேன் சார். பூச்சி என் கையெழுத்து. அது இல்லாம என் படம் வராது" என்றேன். குரல் நடுங்கவே இல்லை, நம்புங்கள்.

நீதிபதியின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூச்சி முதுகு காட்டும் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "நாப்பது வருஷமா நீங்க கேஸ் கதைய ஆரம்பிச்சாலே நானும் இப்படித்தானே உட்கார்றேன்!" என்றார்.

நீதிபதிக்கு முகம் சிவந்துவிட்டது. பேச்சை மாற்றப் பக்கங்களைப் புரட்டினார். குற்றமற்ற ஒருவனைச் சிறைக்கு அனுப்பியதை அவரே எழுதியிருந்த அத்தியாயத்தில் கை நின்றது. அந்தப் படத்தில் பட்டாம்பூச்சி மூலையில் இல்லை. தலைகுனிந்திருக்கும் அவர் தோளில் இருந்தது. பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இதை நான் கவனிக்கலியேம்மா" என்றார். பிறகு, "எல்லாமே இருக்கட்டும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பதிப்பாளர் அடுத்த புத்தகத்தையும் எனக்கே தந்திருக்கிறார். மாடி அறை ஜன்னலோரம் பெரிய மேசையாக ஒன்று போட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிடச் சொல்லியிருந்தீர்கள். படம் வரைவதை அங்கேயும் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். கோபமில்லை. அந்த வரியை மட்டும் குட்டிக்குப் படித்துக்காட்டவில்லை.

புத்தக வெளியீட்டுக்கு விடுப்புக் கேளுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே வாருங்கள். நான் வேலை செய்வதை ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். யார் எங்கே வருவது என்பதை அதற்குப் பிறகு பேசுவோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசியம் வாருங்கள்.

வழிமேல் விழி வைத்திருக்கும்,
உங்கள் மனைவி