இரண்டாவது ஆள்

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் ஒரே பனி. பெருமுக்கல் வரை டிரைவர் பஸ்ஸை உருட்டிக்கொண்டுதான் போனார். முதல் மணி போச்சு.

மதியம் காலேஜ் ஆபீஸ். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அக்காவுக்கு என் முகம் மனப்பாடம். ஸ்காலர்ஷிப் (இனிமேல் ஸ்கா., எழுதி எழுதிக் கை வலிக்கிறது) வந்ததா என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்க்காமலே இல்லை என்றார். போன வருஷம் இந்நேரம் வந்துவிட்டது. இந்த வருஷம் தீபாவளியிலிருந்து வெப்சைட்டில் ஒரே வார்த்தை, 'பரிசீலனையில்'. என்னத்தைப் பரிசீலிக்கிறார்களோ. எங்கள் ஏழ்மை போன வருஷத்தைவிடக் குறைந்துவிட்டதா என்றா?

"ஸ்காலர்ஷிப் வந்ததும் உனக்குத் திருப்பிக் குடுத்துடுவோம்மா. இப்ப ஃபீஸை நீ கட்டிடு. கட்டலைன்னா ஹால் டிக்கெட் வராது."

இந்த மாசக் கடைசிக்குள். பரீட்சை ஏப்ரலில். கேட்க வேண்டிய இடங்கள்:

குழுக் கடன்: அப்பா காலுக்கு வாங்கியதே இன்னும் ஓடுகிறது.
அம்மா கம்மல்: பேங்கில்.
சித்தப்பா: போன் எடுக்க மாட்டார்.
ஃபாதர்: போன செமஸ்டருக்கே கொடுத்தார். மறுபடி எந்த முகத்தோடு.

எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஷாம்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

அம்மா வழி கண்டுபிடித்துவிட்டாள்.

அளத்தில் சீசன் வேலை தொடங்குகிறது. (உப்பளம் என்று பேப்பரில்தான் எழுதுவார்கள். எங்களுக்கு அளம்.) மேஸ்திரி அட்வான்ஸ் கொடுக்கிறார். ஆனால் தனி ஆளுக்குக் கிடையாது. ஒரு வரிசைப் பாத்தியை இரண்டு பேராக எடுக்க வேண்டும். வாங்கினால் மழைக்காலம் வரை இரண்டு பேரும் வந்தாக வேண்டும். இத்தனை வருஷம் அம்மாவும் அப்பாவும். ஜனவரியில் அப்பாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். உப்புத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாதாம். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான். அந்த மாதம் காலேஜ் பக்கமே அதிகம் போகவில்லை.

இரண்டாவது ஆள் யார் என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். அம்மா என் பேரைச் சொல்லியிருக்கிறாள்.

"விடியறதுக்குள்ள இறங்குனா எட்டு மணிக்கு வூட்டுக்கு வந்துடலாம். நீ பாட்டுக்கு காலேஜ் போ. லீவு நாள்ல முழுசா வா, போதும்."

உள்ளேயிருந்து அப்பா சொன்னார்: "புள்ளைய அதுல இழுக்காத."

"அப்ப நீ வர்றியா?"

அம்மா அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட பிறகு அவளே போய் அப்பாவுக்குக் காலில் மருந்து வைத்தாள்.

நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

பிப்ரவரி 16, திங்கள்

ஃபீஸ் கட்டியாச்சு. முழுசும். ஆபீஸ் அக்கா முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரசீதை வாசிக்கச் சொன்னாள் அம்மா. வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். அளத்திலிருந்து நேராகக் கோயில். ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசும்போதே வியர்வையில் வழிந்துவிட்டது.

மூன்று நாளில் தெரிந்துகொண்டது: உப்பு வாரும் பலகையைப் பிடித்தால் உள்ளங்கை கிழியும். கிழிந்த இடத்தில் உப்பு பட்டால் அம்மாவைத்தான் கூப்பிடத் தோன்றும். அம்மாவோ பக்கத்திலேயே வாரிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் இந்தக் கையோடுதான் எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை.

எட்டு மணிக்கு வீடு என்பதெல்லாம் பேச்சுக்கு. குளித்துவிட்டு ஓடினாலும் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வண்டியில் போனால் இரண்டாவது மணி நடுவில். வகுப்பு சார் ஒன்றும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். நல்ல மனுஷன்.

காஸ்ட் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் தூங்கிவிட்டேன். பக்கத்து சீட் பவித்ரா பேனாவால் குத்தி எழுப்பினாள்.

மார்ச் 6, வெள்ளி

ராத்திரி மழை. இந்த மாசத்தில் யார் கேட்டது? விளைந்த உப்பெல்லாம் தண்ணீராகிவிட்டது. பாத்தியை மறுபடி மிதித்து, சமன் செய்து, தண்ணீர் கட்ட வேண்டும். எல்லோரும் முழு நாள் வர வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். காலேஜ் போகிற பெண்ணென்று அம்மா இழுத்தாளாம். அட்வான்ஸ் வாங்கும்போது அதைச் சொல்லவில்லையே என்று கேட்டாராம். அவர் கேட்டதும் நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

இந்த வாரம் இனிமேல் காலேஜ் இல்லை. அடுத்த வாரமும் சந்தேகம்.

மார்ச் 24, செவ்வாய்

பவித்ரா சொல்லித்தான் தெரியும். முதல் மணி இல்லையென்றால் அரை நாள் ஆப்சென்ட். தினமும். ஒன்றும் கேட்காத அந்த நல்ல மனுஷன் ஒரு நாள் விடாமல் போட்டிருக்கிறார்.

"அட்டெண்டன்ஸ் அறுபத்தஞ்சு பர்சென்ட்டுக்கு மேல இருந்தா ஃபைன் கட்டி எழுதலாம்டி. அதுக்குக் கீழ போச்சுன்னா விடவே மாட்டாங்க. நீ போய் சாரைப் பாரு."

போகவில்லை. ஃபீஸ் கட்டியிருக்கிறேன், என்னை என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு திமிர். பயம் என்றும் சொல்லலாம். இனிமேல் ஒரு நாளும் தவறக் கூடாது.

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

அப்பா அளத்துக்கு வந்துவிட்டார்.

காலில் இரண்டு பிளாஸ்டிக் கவர், மேலே சைக்கிள் டியூப் கட்டி. இருட்டில் தடவித் தடவி வரப்போடு வந்திருக்கிறார். பவித்ரா போனில் பேசியதைக் கேட்டுவிட்டார்போல. என் கையிலிருந்த பலகையை வாங்கிக்கொண்டு, "நீ போம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

பாத்தியில் இறங்குவதற்குள் மேஸ்திரி பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. கைத்தாங்கலாகப் பிடித்து டீக்கடை வரை கூட்டிப்போய் உட்கார வைத்தார். உனக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றாராம். அம்மா எல்லோர் முன்னாலும் அப்பாவைத் திட்டினாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. விரல் எடுத்தபோதுகூட.

இன்றும் பஸ் போய்விட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். அளம் லீவு. வஞ்சிரம் வாங்க ஆசை, மத்தி வாங்கினோம். எனக்குப் புது சுடிதார் வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை, பச்சைக் கலரில் ஒன்று.

பூசை முடிந்து வாசலில் பெண்கள் கூட்டம். என் மகள் பி.காம் முடித்ததும் பேங்க் பரீட்சை எழுதுவாள் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற எனக்குக் காது எரிந்தது. ஸ்கா. இன்னும் பரிசீலனையில்.

ஏப்ரல் 15, புதன்

நோட்டீஸ் போர்டில், பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியலில் என் பேர் வந்துவிட்டது. எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான்.

சார் கணக்கைத் திருப்பிக் காட்டினார். அறுபதுகூட இல்லை. ஆஸ்பத்திரி, மழை, அரை நாள், அரை நாள், அரை நாள். முழு ஃபீஸும் கட்டியிருக்கிறேன் சார் என்றேன். எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தது சொல்லும்போது.

"ஃபீஸ் கட்டாதவங்களைக்கூட டைம் குடுத்து உக்கார வச்சிட்டோம்மா. அட்டெண்டன்ஸுக்கு எங்க கையில ஒண்ணும் இல்ல. யுனிவர்சிட்டி ரூல். நீ வந்து ஃபீஸுக்கு டைம் கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். டைம் கேட்கலாம் என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கட்டு என்றால் கட்ட வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் இதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். மறுபடி ஃபீஸ். மறுபடி படிப்பவர்களுக்கு ஸ்கா. கிடையாதாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போனார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நாளை முதல் பரீட்சை. சொல்லிவிட வேண்டும் என்று ஆறு நாளாக வாயைத் திறக்கிறேன். நாளைக்கு நீ இறங்க வேண்டாம், உன் பாதியையும் நானே வாரிவிடுகிறேன் என்கிறாள் அம்மா. இந்த வாயை எப்படித் திறப்பது?

ஏப்ரல் 22, புதன்

வெயில். காலையிலேயே அனல்.

அம்மா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். பஸ். காலேஜ் கேட் எதிரே ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றேன். பவித்ரா உள்ளே போனாள், என்னைப் பார்க்கவில்லை. பெல் அடித்தது. திரும்பும் வழியில் பெருமுக்கல்லில் இறங்கி, மலை அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் மத்தியானம் வரை. கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பசித்தது. அதுவே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டாள். நல்லா எழுதினேன் என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

அம்மாவுக்கு வேறு சந்தோஷம் இருந்தது. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.

"மேஸ்திரிகிட்ட அடுத்த சீசன் அட்வான்ஸையும் இப்பவே கேட்டேன், குடுத்துட்டாரு. இனிமே ஸ்காலர்ஷிப்புக்காக யார்கிட்டயும் போய் நிக்க வேணாம். ரெண்டாவது ஆளுக்கு உன் பேருதான் சொல்லியிருக்கேன்."

பணத்தை என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.