கிறிஸ்துமஸ் காலாண்டு

லாலாகுடா
11 ஜனவரி 2025

அன்பு மருமகள் ஜெஸ்ஸிக்கு,

சிகந்தராபாத் ரயில்வே காலனிகளின் முடிசூடா மன்னனும், இங்குள்ள கொசுக்கள் அனைத்துக்கும் அன்னதாதாவுமாகிய உன் மாமா எழுதுவது. போனில் பேசினால் உன் அத்தை காம்பவுண்டுக்கே செய்தி வாசித்துவிடுவாள். அதனால் தபால்.

நீ கேட்டபடி ஹப்சிகுடாவில் உளவு பார்த்தேன். உன் வீட்டுக்காரன் ஃபெலிக்ஸின் பேக்கரிக்கு எதிரே, பேப்பரில் ஓட்டை போட்டுக்கொண்டு ஒரு யுகம் நின்றேன். "இந்த வயசுல உங்களுக்குக் 'கைக்கு' இந்த வேலை?" என்றாள் உன் அத்தை; 'எதுக்கு' என்பதை இந்த ஊர் உருதுவில்தான் கேட்பாள். நாட்டுக்காக என்றேன்.

எனக்கு அவன்மேல் மலையளவு சந்தேகம். கடை மூழ்கும்போதுகூட "வளருது, வளருது" என்று உன்னிடமே புளுகியவன். கட்டட ஓனர் வாடகை பாக்கி கேட்டு வந்து கதவைத் தட்டியபோதுதானே உனக்கே தெரிந்தது, நீயும் திருச்சிக்கு ரயில் ஏறினாய். ஆனால் இப்போது சுவரில் வரைபடமே ஒட்டியிருக்கிறான். அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் அறுபது சதவீத வளர்ச்சியாம். கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு சந்திர மண்டலத்துக்குப் போகிறது. சந்தேகத்தை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து சேர்.

ஆசிகளுடன்,
ஆரோக்கியசாமி மாமா


திருச்சி
20 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? உங்கள் கடித ஓரத்தில் நெய்க்கறை. முந்திரித் துணுக்கு வேறு. உளவாளிக்குக் கேக் கொடுத்தது யார்?

அறுபது சதவீதம் எதோடு ஒப்பிட்டு? ஜூலை–செப்டம்பரோடு என்றால், கிறிஸ்துமஸுக்கு எந்தப் பேக்கரிதான் ஏறாது? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதைத்தான் நடத்துகிறேன். நாட்டின் வளர்ச்சி என்று பேப்பரில் வருவதுகூட, முந்தைய வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிட்டதுதான். பண்டிகையும் மழையும் இரண்டு பக்கமும் இருக்கும், ஏமாற முடியாது. நான் அங்கே மாவு பிசைந்த 2023 கிறிஸ்துமஸோடு ஒப்பிட்டால் என்ன வருகிறது என்று கேளுங்கள். வாயில் கேக் இல்லாதபோது கேளுங்கள். இன்னொரு பொய்யோடு குடித்தனம் நடத்த எனக்குத் தெம்பில்லை மாமா.

ஜெஸ்ஸி


லாலாகுடா
2 பிப்ரவரி 2025

அன்பு மருமகளுக்கு,

ஒரே ஒரு துண்டு. அதுவும் சாட்சியம் என்பதால் அழிக்க வேண்டியதாயிற்று.

கேட்டேன். சரியாக வேகாத கேக் மாதிரி மாப்பிள்ளையின் முகம் நடுவில் அமுங்கியது. முதலில் சுவரையே காட்டினான். நான் கர்ஜித்தேன், ஹப்சிகுடா மெட்ரோ ரயிலே ஒரு கணம் நின்றிருக்கும். பிறகு வரைபடத்தை அவனே பிய்த்து எடுத்தான்.

"எட்டு சதவீதம் இறக்கம் மாமா. அவ இருந்தப்போ வித்த அளவு இப்ப விக்கல. அப்படியே எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஆனால் இப்போது புதுச் சந்தேகம். உண்மையைச் சொன்னால் நீ இளகுவாய் என்றே கணக்குப் போட்டிருப்பானோ?

ஆரோக்கியசாமி மாமா


திருச்சி
12 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்கும் அதே சந்தேகம்தான். கேட்டபின் சொன்ன உண்மை அது. ஒரு காலாண்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றும் பாடத்தில் இருக்கிறது. மார்ச்சில் தவக்காலம், கேக் வாங்க ஆளிருக்காது. அந்தக் காலாண்டின் நிலவரத்தை யாரும் கேட்காமல் அவராக எனக்கு எழுதுகிறாரா பார்ப்போம். தயவுசெய்து இதை அவர் காதில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வாயை நான் அறிவேன்.

ஜெஸ்ஸி


திருச்சி
9 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அவரிடமிருந்து கடிதம் வந்தது. முதல் வரியே, "போன வருஷம் இதே மூன்று மாதத்தைவிட இப்போதும் இறக்கம்தான், ஐந்து சதவீதம்." சுகம் விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

படித்ததும் உங்கள்மேல்தான் சந்தேகம் வந்தது, நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள் என்று. அத்தைக்குப் போன் போட்டேன். பிப்ரவரியிலிருந்து நீங்கள் ஹப்சிகுடா பக்கமே போகவில்லையாம். போனால் உளறிவிடுவோம் என்று பயமாம். கேக் இல்லாமல் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லையாம். அப்படியானால் அவராகத்தான் எழுதியிருக்கிறார்.

ஈஸ்டருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். வேலையை விடவில்லை. திரும்பி வருவதற்கும் சேர்த்தே போட்டிருக்கிறேன், அதைக் கேன்சல் செய்வேனா என்பது இன்னும் எனக்கே தெரியாது. நான் வருவது அவருக்குத் தெரிய வேண்டாம். கடை எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க வேண்டும்.

அதுவரை பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள் மாமா.

ஜெஸ்ஸி