சோபாவின் இடது ஓரம்

அண்ணி,

இன்று காலையிலிருந்து மழை. உங்கள் வீட்டுக் கூடத்துக் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. போன வாரம்தான் வினிகர் கலந்த தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவிவிட்டுப் போயிருந்தேன். வெயில் அடித்தால் போய்விட்டதுபோல் இருக்கிறது. காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறியதும் டைல்ஸ் இடுக்கிலிருந்து பூனை மூத்திரம் மறுபடி எழுந்து வந்துவிடுகிறது. வாளியும் துணியுமாக நின்றுகொண்டு, இதை யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நன்னிலத்திலிருந்து உங்கள் தம்பி அனுப்பிய அரிசி மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கியபோது, நடுவிலிருந்து சாம்பல் நிறக் குட்டி ஒன்று கத்திக்கொண்டே வெளியே வந்தது. அதற்கு ‘மூட்டை’ என்றே பேர் வைத்தீர்கள். பணி ஓய்வு பெற்றதும் அண்ணன் ஆசையாக வாங்கிப்போட்ட புது சோபாவில், வந்த அன்றைக்கே அது ஒன்றுக்குப் போய்விட்டது.

“இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று அண்ணன் குதித்தார்.

“ரெண்டு பேருமே இருங்க. அது போனா தொடைச்சுக்கலாம், நீங்க கத்துனா கேட்டுக்கலாம்” என்றீர்கள். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் பினாயில் பாட்டிலை எடுக்கப்போனேன். “அது பூனைக்கு ஆகாது, வை” என்று தடுத்தீர்கள். பழைய பருத்தித் துணியை ஈரத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினீர்கள். “தேய்க்காதே. தேய்ச்சா உள்ள எறங்கிடும். ஒத்தி எடு.” பிறகு வினிகர் தண்ணீர், மறுபடி ஒத்தல், அதன்மேல் ஆப்ப சோடா. காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மெத்தையை மாடியில் வெயிலுக்குப் போட்டீர்கள். சாயங்காலம் அண்ணன் குனிந்து முகர்ந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை அவருக்கு.

பிறகு மூட்டை மணல் தட்டில் ஒன்றுக்குப் போகப் பழகிவிட்டது. சோபாவின் இடது ஓரம் உங்களுடையது, உங்கள் மடி அதனுடையது. வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓடியது.

தை மாதத்தில் ஒரு காலை, அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியமெல்லாம் ஆன பிறகு மூட்டை மணல் தட்டுப் பக்கமே போகவில்லை. நேராகச் சோபாவுக்குப் போகும், இடது ஓரத்தில் ஏறும், அங்கேயே மூத்திரம் பெய்யும். மன்னார்குடியிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து நீங்கள் செய்ததையெல்லாம் செய்தேன். அடுத்த வாரம் வந்தால் அதே இடத்தில் அதே ஈரம்.

மருத்துவரிடம் கொண்டுபோனோம். “கிட்னி போயிட்டிருக்குங்க, வயசாச்சு. ஆளைத் தேடுறதும் இருக்கலாம். எதனாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியலைங்க” என்றார் அவர்.

ஒருநாள் மேலுறையைக் கழற்றி ஊறவைத்துவிடுவது என்று முடிவு செய்து ஜிப்பில் கை வைத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அதைத் தொடாதே.”

“அண்ணே, வீட்டுக்கு வர்றவங்க வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுறாங்க.”

“போகட்டும். அதுல உங்க அண்ணி தலை எண்ணெய் வாசனை இருக்கு. அலசிட்டா போயிடும்.”

குனிந்து முகர்ந்தேன், அண்ணி. கண் எரிந்தது. பூனை வாடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமாண்ணே, இருக்கு” என்றேன். அதற்குப் பிறகு உறையைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது?

ஐப்பசி மழை தொடங்கியதும் மெத்தை காயவே இல்லை. உறையில் பூஞ்சை பிடித்தது. அண்ணன் இருமிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரே, “எடுத்துட்டுப் போகச் சொல்லு” என்றார். சோபா வாசல் தாண்டும்போது அவர் சமையலறையில் நின்றுகொண்டு, காலி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். மூட்டை வந்து வெற்றுத் தரையைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. பிறகு சோபாவின் இடது ஓரம் இருந்த அதே இடத்தில், டைல்ஸ்மேலேயே ஒன்றுக்குப் போனது.

இப்போது அதனால் எழுந்து நடக்க முடியவில்லை. மடித்த துண்டின்மேல் கிடக்கிறது, இருந்த இடத்திலேயே எல்லாம். இனி ரொம்ப நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்று நான் தரையைத் துடைக்க உட்கார்ந்ததும் அண்ணன் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மடக்க முடியாத முட்டியை எப்படியோ மடக்கித் தரையில் உட்கார்ந்தார். பூனையை மெல்ல நகர்த்தி, அடியில் இருந்த ஈரத்தை எடுத்தார். அவருக்கு அது ஒவ்வொரு காலையும் செய்து பழகிப்போன வேலையாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இதுவும் போயிட்டா, நான் காலையில எந்திரிச்சு என்னத்தைத் தொடைக்கிறது?” என்றார் என்னைப் பார்க்காமலே.

நீங்கள் இருந்திருந்தால் சட்டென்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள். நானோ அவர் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மன்னார்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் வரும்போதும், இதோ இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது. வரும் சனிக்கிழமையும் போவேன். பதில் இல்லாமல்தான் போவேன், அண்ணி.