கதவை மூடச் சொன்னவள்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? வாப்பா மருந்து குடிக்கிறாரா? குறிஞ்சிப்பிட்டியில் மழையா? நான் நலம்.

இங்கே அமெரிக்காவில் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. மதத் தீவிரவாதத்துக்குப் பயந்து அமெரிக்கா வெளிநாட்டாருக்குக் கதவை மூடலாமா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் "மூட வேண்டும்" என்று பேசும் பக்கம் எனக்கு விழுந்தது. நாட்டின் பாதுகாப்பைச் சொல்லிச் சொல்லியே வென்றுவிட்டேன், உம்மா! எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கும் எமிலி, "நீ சொன்னது சரிதான். ஆனால் நீ வேறு, நீ எங்கள் ஆள்" என்றாள்.

"அப்ப என்ட உம்மா வந்தா விடுவீங்களா?" என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் சிரித்துவிட்டு வந்தேன்.

கருவாடு அனுப்பவேண்டாம், அறைத்தோழிக்கு மணம் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை நான் போன் கோல் எடுத்தால் உடனே வைத்துவிடாதீர்கள். சும்மா எதையாவது கதையுங்கள். நான் தமிழில் வாய் திறந்து பதினொரு நாளாகிறது.

பஸ் வருகிறது.

உங்கள் மகள்
ஷிஹாரா