வாசலில் கிடந்த லத்தி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போடிமெட்டுக்கு ஜீப்பில் போனேன். ஏலத்தோட்டத்தில் பதினோரு இடத்தில் யானை லத்தி, ஆறுதான் புதியது. லத்தியின் மேல்பக்கத்தில் யானையின் குடல் செல் ஒட்டியிருக்கும். சுரண்டிக் குப்பியில் போட்டு அனுப்பினால் எந்த யானை, ஆணா பெண்ணா என்று ஆய்வகம் சொல்லிவிடும். யானைக்கே தெரியாமல் அதற்கு ஓர் ஆதார் அட்டை. அம்மாவிடம் இதைச் சொன்னால், "எம்.எஸ்ஸி. படிச்சிட்டு சாணி அள்ளுறா எம்மக" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

ஒச்சப்பன் அண்ணன் போய்விட்டார். ஏலக்காய் ஸ்டோர் வாட்ச்மேன். விடியற்காலையில் வீட்டு வாசலிலேயே யானை அடித்திருக்கிறது. பனிமூட்டத்தில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மழையில் தடமும் கரைந்துவிட்டது. நான் போனபோது உடலைக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் மனைவி வீரலட்சுமி அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரை இறவாணத்துக்குக் கீழே ஈர லத்தி கிடந்தது. எடுத்தேன். குப்பி எண் 47.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ரிசல்ட் வந்தது. 47 ஒரு பெண் யானை. எங்கள் பட்டியலில் ஏழாம் எண், குட்டியோடு திரிகிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ரெண்டு பேர் கொம்பைப் பார்த்தோம், ஆண் யானைதான் என்று சத்தியம் செய்கிறார்களே?

எங்கள் யானை ஆய்வுத் திட்டத்தை நடத்தும் இனியவன் சார் போனில், "ஆளுங்க சொல்றது மாறும். டிஎன்ஏ மாறாது" என்றார். வனத்துறை ஏழாம் எண்ணைப் பிடித்து யானை முகாமுக்குக் கொண்டுபோகப் போகிறது. செப்டம்பர் பன்னிரண்டு. குட்டிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

குப்பியை மாத்திட்டேனா? நோட்டை நாலு தடவை புரட்டியாச்சு. மாத்தல. அப்புறம் எப்படி?

செப்டம்பர் 2

சோறு இறங்கவில்லை. "ஆனைக்கு வந்த கவலைய நீ ஏன்டி திங்கிற?" என்றாள் அம்மா.

செப்டம்பர் 6, சனி

மேலே போனேன். லயத்தில் ஒரு வீட்டு ஓட்டின்மேல் லத்தி காய்ந்துகொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். கேட்டது இன்றைக்குத்தான் — எட்டு மாசமா வர்றேன், கூமுட்டை.

"சளி, இளைப்புக்கு ஆனை லத்திப் புகை போடுவோம்ல பாப்பா" என்றார் வீரலட்சுமி அக்கா. "அவருக்கு ரெண்டு நாளா மூச்சு இழுத்துச்சு. அவரு போறதுக்கு மொத நா சாயங்காலம் மேல ஓடைக்கிட்ட புதுசாக் கெடந்துச்சு. சாக்குல அள்ளிக் கொண்டாந்து எறவாணத்துக்குக் கீழ காயப் போட்டேன்."

நான் குப்பியில் போட்டது அதைத்தான். குட்டியோடு திரிகிற யானையைப் பிடிக்கப்போகிறார்கள், ரேஞ்சரிடம் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"அப்ப அவரக் கொன்னது எது? ஒங்க குப்பி சொல்லுமா?"

சொல்லாது என்றேன்.

"அப்ப ஏதோ ஒண்ணப் புடிச்சிட்டுப் போகட்டும். ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாம் மேஞ்சிக்கிட்டுத் திரியணுமாக்கும்?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

47 செல்லாது, தவறு என்னுடையது என்று இனியவன் சாருக்கு எழுதினேன். "வாசல்ல கெடந்துச்சுன்னு நீதானே கையெழுத்துப் போட்டிருக்க? கொண்டாந்தவங்களே வந்து சொன்னாத்தான் வனத்துறை கேக்கும்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். எல்லாரும் நியாயமாத்தான் பேசுறாங்க, எனக்குத்தான் கிறுக்குப் பிடிக்குது.

செப்டம்பர் 10

திரும்பவும் போய்க் கேட்பதா? புருஷன் செத்து ஒரு மாதம். எந்த மூஞ்சியோடு கேட்பேன்? இன்னொன்றும் உறுத்துகிறது. லத்தி ஓடையிலிருந்து வந்தது என்பதால் ஏழாம் எண் யானை அந்த வாசலுக்கு வரவே இல்லை என்று ஆகிவிடுமா? அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும்தான் தெரியும்.

செப்டம்பர் 11, வியாழன்

ரேஞ்ச் ஆபீசில் லாரி நின்றது. கும்கி வந்தாயிற்று. நான் 47 செல்லாது என்று எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். வாங்கிப் படித்துவிட்டு, "பாக்கலாம்மா" என்றார்கள்.

மதியம் எஸ்டேட் ஜீப்பிலிருந்து வீரலட்சுமி அக்கா இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. நேரே ரேஞ்சர் மேசைக்குப் போனார்.

"அந்த லத்தி தானா வரலைங்கய்யா. நாந்தேன் கொண்டாந்தேன், எம்புருசனுக்குப் புகை போட. போடுறதுக்குள்ள போயிட்டாரு."

ரேஞ்சர் எழுதச் சொன்னார். அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்:

"பால்குடிக் குட்டியா?"

"ஆமாக்கா."

ஜீப்பில் ஏறிக்கொண்டார். சாயங்காலம் லாரி காலியாகத் திரும்பியது. ஆபீஸ் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 4, சனி

வனத்துறைப் பதிவேட்டில் ஒச்சப்பன் அண்ணன் பெயருக்கு நேராக 'யானை — அடையாளம் தெரியவில்லை' என்று இருக்கிறது. லயத்துக்குப் போய் வீரலட்சுமி அக்காவிடம் அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.